கண்ணாடிக் கதவு வைத்த ஒயின் பெட்டி

1

ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும் இப்போது ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "ஒயினு வைக்க தனியா ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கீங்களாமே?" காடாம்புலியூரில் இருக்கிற என் அண்ணன் சொல்லியிருக்கிறார். அவரிடம் ஒன்று சொன்னால் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடும். ஆளாளுக்குப் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஏழாவது வரைக்கும் படித்தவள். நீட்டி எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

வாங்கியது உண்மை. பொங்கலுக்கு முன்னால் வாங்கினோம். குடிக்கிறதுக்கு இல்லை. எங்கள் வீட்டில் குடிக்கிற ஆள் இல்லை. குடித்த ஆள் ஒருவர் இருக்கிறார், என் வீட்டுக்காரர். அவரைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுது. ஊருக்கே தெரிஞ்ச கததான" என்றார். டீயைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

2

நாங்கள் இருப்பது ஸ்ட்ராஸ்பர்க். பிரான்சுதான், ஆனால் ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி. என் மாமனார் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்தக் குடியுரிமைக் காகிதத்தை வைத்துக்கொண்டு கடலூரிலிருந்து இங்கே வந்தோம். பையன் கார்த்திக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது இருபது.

வீட்டுக்காரருக்கு ஒரு கிடங்கில் இரவுக் காவல். எனக்குக் காலையில் ஆபீஸ் துடைக்கிற வேலை, அது முடிந்தால் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடம். நான் இறங்கும்போது அவர் ஏறி வருவார். படியில் பார்த்துக்கொள்வோம்.

"கொழம்பு இருக்குது."

"சரி."

வந்த நாளிலிருந்து எங்கள் பேச்சு பெரும்பாலும் இதுதான்.

குடி அவரிடம் கடலூரிலேயே இருந்தது. இங்கே வந்து ஜாஸ்தியானது. நம் ஊரில் குடிக்க வேண்டுமென்றால் கடையைத் தேடிப் போக வேண்டும். இங்கே பால் வாங்கப் போகிற கடையில், பாலுக்கு எதிர் வரிசையில் பாட்டில் நிற்கிறது. சில பாட்டில் பாலை விட மலிவு. ஆள் கத்த மாட்டார், அடிக்க மாட்டார். வேலையில் தூங்கிவிடுவார். இரண்டு வேலை அப்படிப் போனது. வீட்டுக்கு வந்தால் நான் கதவைப் பாதி திறந்துகொண்டு நிற்பேன்.

"ஊதுங்க."

ஊதுவார். வாடை இருந்தால் நான் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவேன். இல்லையென்றாலும் உள்ளே போய்விடுவேன். பையன் ஹாலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பான்.

இரண்டாயிரத்து நான்கில், தை மாசம், சிதம்பரத்தில் அண்ணன் மகள் கல்யாணம். குடும்பத்தோடு போயிருந்தோம். தாலி கட்டுகிற நேரத்தில் இவர் வரிசைத் தட்டுகள் மேல் விழுந்தார். பழம், பூ, புடவை, தேங்காய், எல்லாவற்றின் மேலும். மேளக்காரர் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தார். மறுநாள் காலையில் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, "ஏறு மச்சான்" என்றார். அவ்வளவுதான்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. குடியை விடுகிறவர்களுக்கு அங்கே கயிறு கட்டுவார்கள். அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வலது கையில் மஞ்சள் கயிறு. கட்டுவதற்கு முன்னால் எவ்வளவு நாளைக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன காலம் முடிகிற வரைக்கும் தொடக் கூடாது. முடிந்தால் நேரில் வந்து பழைய கயிற்றை அவிழ்த்துக் கோயில் வேப்பமரத்தில் கட்டிவிட்டு, புதுசு கட்டிக்கொண்டு போகலாம். வராதவனை யாரும் போய்க் கேட்க மாட்டார்கள்.

இவர் "ஆறு மாசம்" என்றார். பூசாரி ஏற இறங்கப் பார்த்தார். "சீமையில இருக்கிற ஆளு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வருவியா? ரெண்டு வருஷம்னு சொல்லு."

இவர் சொன்னார்.

அன்றையிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தை மாசம் ஊருக்கு வருகிறோம். உறவுக்காரர்கள் பொங்கலுக்கு வருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கயிற்றுக்குத்தான் வருகிறோம். அதற்கப்புறம் நான் ஊதச் சொன்னதில்லை.

3

கார்த்தி ஓட்டல் படிப்பு படிக்கிறான். சமையல் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது வருஷம் ஒயின் பக்கம் திரும்பிவிட்டான். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று சொல்லி ஊற்றிக் கொடுக்கிற வேலை. அதற்கும் படிப்பு இருக்கிறது, பரீட்சை இருக்கிறது.

"குடிச்சுப் பாத்துதான் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"வாயில வச்சுட்டுத் துப்பிடணும்மா."

"துப்புறதுக்கா இவ்வளவு வெல?"

சிரித்தான். தமிழில் கேட்டால் இப்போதெல்லாம் பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் பதில் சொல்வான். எனக்குப் பாதிதான் கிடைக்கும். மீதியை அவன் முகத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வேன்.

டிசம்பரில் விஷயத்தைச் சொன்னான். பழகுவதற்குப் பாட்டில் சேர்க்க வேண்டும். அவன் வேலை பழகுகிற ஓட்டலின் பெரிய சமையல்காரர், அவன் பிறந்த வருஷத்து ஒயின் ஒன்று பரிசாகக் கொடுத்திருக்கிறார். இங்கே அது ஒரு வழக்கம். பிள்ளை பிறந்த வருஷத்துப் பாட்டிலை வைத்திருந்து கல்யாணத்தில் திறப்பார்கள். அதைச் சாதாரண ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது. மாவு, மீன் வாடை பட்டால் கெட்டுவிடுமாம். அதற்கென்று குளிர் பெட்டி வேண்டும்.

"இந்த வூட்டுல பாட்டில் வராதுடா."

"அப்ப நான் ஃப்ரெண்டுங்களோட ரூம் எடுத்துக்குறேம்மா. அவுங்க வீட்டுல எடம் இருக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இங்கே பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவது சண்டை போட்டுக்கொண்டு இல்லை. சிரித்துக்கொண்டு, முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அப்புறம் கிறிஸ்துமசுக்கு வருகிறார்கள்.

வீட்டுக்காரர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "வாங்கிக் குடு" என்றார்.

"மாமா, தை வருது."

"தெரியும்."

தையில் கயிறு முடிகிறது. டிக்கெட் போட்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் நான் இங்கே தங்குவதற்கான அட்டை முடிந்தது. எனக்கு இன்னும் இந்த நாட்டுக் குடியுரிமை இல்லை, பத்து வருஷ அட்டைதான். மாற்ற வரச் சொல்லிக் கொடுத்த தேதி நேராகப் பொங்கலுக்கு வந்தது. வேறு தேதி கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா பேர் எது, உன் பேர் எது, குடும்பப் பேர் எங்கே என்றாள். குடும்பப் பேர் எங்களுக்குக் கிடையாது என்றேன். எல்லாருக்கும் உண்டு என்றாள். பின்னால் வரிசை நின்றது. தேதி மாறவில்லை.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஃப்ளைட்டில் சும்மாவே ஊற்றிக் கொடுக்கிறார்கள். பக்கத்து சீட்டில் நான் இல்லாமல் அவரை அனுப்ப எனக்கு மனசில்லை. அவரும் கேட்கவில்லை. டிக்கெட்டை ரத்து செய்தோம்.

வருஷக் கடைசியில் ஊரில் புயல் அடித்தது.

4

அண்ணனுக்கு லைன் கிடைக்கவே ஒரு வாரம் ஆனது. முந்திரி எல்லாம் வேரோடு போனது. பலா மரம் நடுவில் முறிந்து கிடக்கிறதாம். ஊரே வெளிச்சமாக இருக்கிறது என்றார். மரம் இல்லாத வெளிச்சம். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டர் வைத்து செல்லுக்கு சார்ஜ் போட்டுக் கொடுக்கிறார்கள், அதற்கும் கும்பல்.

நான் கோயிலைக் கேட்டேன்.

"வேப்பமரம் சாஞ்சிடுச்சு. அதுல கட்டியிருந்த கயிறெல்லாம் மண்ணுல கெடக்குது. பாதி பேரு, அம்மனே அவுத்து வுட்டுட்டாடான்னு நேரா கடைக்குப் போயிட்டானுவ."

"நீ ஒரு கயிறு வாங்கி தபால்ல அனுப்ப முடியுமா அண்ணே?"

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பூசாரியிடம் கேட்டிருக்கிறார். "வந்தவங்களுக்குத்தான் கட்டுவாராம். தபால்ல போற அம்மன் இல்ல இதுன்னுட்டாரு."

அப்போதுதான் குளிர் பெட்டி விஷயத்தை வாய்தவறி அண்ணனிடம் சொன்னேன்.

"பாட்டிலுக்கா குளிரு?"

"ஆமாண்ணே. மாறாம ஒரே குளிருல இருக்கணுமாம்."

"இங்க ஒயின் ஷாப்புல மெழுகுவத்தி வச்சு விக்கிறான். ஒருத்தனும் சூடா இருக்குதுன்னு கொற சொல்லல. அத்த வாங்கி அவரு பக்கத்துல வைக்கிற, கயிறு முடியிற நேரத்துல. நீ புத்தியோடதான் இருக்கிறியா?"

நம் ஊரில் ஒயின் ஷாப் என்று போர்டு போட்ட கடையில் ஒயினைத் தவிர எல்லாம் இருக்கும். அவருக்கு அது வேறு, இது வேறு என்று எப்படிச் சொல்வது? எனக்கே அது வேறாகத் தெரியவில்லை.

5

தள்ளுபடி சீசன் தொடங்கிய வாரம், கடைக்கு மூன்று பேருமாகப் போனோம்.

விற்கிறவன் சின்னப் பையன், கோட்டு போட்டிருந்தான். முதல் கேள்வியே, "பழசாக்குறதுக்கா, பரிமாறுறதுக்கா?" என்பது. கார்த்திதான் தமிழில் சொன்னான். சில பெட்டி பல வருஷம் வைத்துப் பழசாக்க, ஒரே குளிர். சில பெட்டி இன்றைக்கு நாளைக்குத் திறக்க, மேலே ஒரு குளிர், கீழே ஒரு குளிர். கார்த்தி பழசாக்குகிறதைக் கேட்டான்.

மலிவில் ஒன்று இருந்தது. மோட்டார் இல்லாதது, சத்தமே வராது. எனக்குப் பிடித்தது. விற்கிற பையன் உதட்டைப் பிதுக்கினான். வீடு சூடாக இருந்தால் அது தோற்றுவிடுமாம். சூட்டிலிருந்து கொஞ்சம்தான் இறக்கும், அதற்கு மேல் அதனால் முடியாது. எங்கள் வீட்டில் தினமும் குழம்பு கொதிக்கிறது. மோட்டார் உள்ளதுதான் தாங்கும் என்றான். ஆனால் மோட்டார் அதிரக் கூடாது. அதிர்ந்தால் அடியில் தங்கின மண்டி கலங்கிவிடுமாம். கார்த்தி ஒவ்வொரு பெட்டி மேலும் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தான், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. தட்டு மரமா, கம்பியா என்று இழுத்துப் பார்த்தான். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தைச் செருகி, இழுத்தால் வருகிறதா என்று பார்த்தான். என் பிள்ளை இவ்வளவு பொறுமையாக ஒன்றைச் செய்து நான் பார்த்ததில்லை.

"எது நம்பி வாங்கலாம்னு கேளு" என்றேன். கேட்டான். விற்கிற பையன் மோட்டாருக்கு இத்தனை வருஷம் கேரண்டி, ரிப்பேருக்கு ஆள் வீட்டுக்கே வருவார் என்று நிறையச் சொன்னான்.

"பூட்டு இருக்குதான்னு கேளு."

கார்த்தி என்னைப் பார்த்தான். அப்பாவைப் பார்க்கவில்லை. கேட்டான். பூட்டு உள்ளது இரண்டு வகை இருந்தது. ஒன்று முழுக்க மூடின கதவு. ஒன்று கறுப்புக் கண்ணாடிக் கதவு. வெளிச்சம் படக் கூடாது, அதனால் மூடினதுதான் நல்லது என்று விற்கிற பையன் சொன்னான். நானும் அதைத்தான் சொன்னேன். கண்ணில் படாமல் இருக்கட்டும்.

அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் நின்ற வீட்டுக்காரர், "கண்ணாடிய எடுங்க" என்றார்.

"எதுக்கு மாமா?"

"மூடியிருந்தா தெனமும் என் மூஞ்சியப் பாப்ப. கண்ணாடின்னா பாட்டிலப் பாப்ப. எனக்கு அது தேவலாம்."

கண்ணாடிக் கதவையே எடுத்தோம்.

வீட்டில் வைக்கிற இடத்துக்கு ஒரு சண்டை. அடுப்புப் பக்கம் கூடாது, ஜன்னல் பக்கம் கூடாது, ஹீட்டர் பக்கம் கூடாது. மீதி இருந்தது சாமி அலமாரிக்குக் கீழே. "அங்க வச்சா நானும் பெட்டியோட வெளிய போயிடுவேன்" என்றேன். கடைசியில் உள் நடையில், செருப்பு அடுக்குகிற இடத்தில் வைத்தோம். செருப்பு ஹாலுக்கு வந்தது. கார்த்தி பாட்டில்களைக் கொண்டுவந்து அடுக்கினான்.

சாவி இரண்டு. ஒன்றைக் கார்த்தி வைத்துக்கொண்டான். இன்னொன்றை நான் ஊக்கில் கோத்துத் தாலியோடு மாட்டிக்கொண்டேன்.

6

பொங்கலன்று கயிறு முடிந்தது. நான் அட்டை ஆபீஸ் வரிசையில் நின்றேன். திரும்பி வந்து பால் பொங்க வைத்தேன். கயிறு அவர் கையில் அப்படியே இருந்தது. அவிழ்க்கவில்லை. நான் கேட்கவில்லை.

அதிலிருந்து வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது பெட்டிக்கு முன்னால் நின்று எண்ணுவேன். வந்ததும் எண்ணுவேன். உள்ளே ஒரு நீல விளக்கு எரியும், எண்ண வசதி. கோட்டைக் கழற்றுகிற மாதிரி நின்றுகொண்டு எண்ணுவேன். அவர் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு இருப்பார். "கொழம்பு இருக்குது" என்பார். இப்போது அவர் சொல்கிறார்.

பள்ளிக்கூடத்தில் தட்டு அடுக்கும்போது நினைப்பு வரும். கயிறு இல்லை. பேச்சுக்கு இருக்கிறது, கணக்குக்கு இல்லை. வீட்டில் அவர் தனி. பகல் முழுக்கத் தனி. தட்டைக் கீழே போட்டேன் ஒரு நாள். கூட வேலை செய்கிற மொராக்கோக்காரி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பிரெஞ்சில் என்னிடம் இருக்கிற வார்த்தைகளுக்குள் அதைச் சொல்ல முடியாது. "ஆமாம்" என்றேன்.

ஜனவரி கடைசியில் கார்த்தி மலைப் பக்கம் ஒரு ஓட்டலுக்குப் பயிற்சிக்குக் கிளம்பினான். கதவருகில் பையை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"என் சாவிய அப்பாகிட்ட குடுத்திருக்கேன்மா."

"எதுக்குடா? என்கிட்டதான் ஒண்ணு இருக்குதே."

"நீங்க பகல்ல வீட்டுல இருக்க மாட்டீங்க. அப்பா இருப்பாரு. ஏதாவதுன்னா யாராவது தொறக்கணும்ல. சூடாயிடக் கூடாதும்மா, அவ்வளவுதான்."

"அவரு கேட்டாரா?"

"கேக்கல. நானா குடுத்தேன்."

எனக்கு முத்தம் கொடுத்தான். போய்விட்டான். திரும்பினால் வீட்டுக்காரர் அந்தச் சாவியை அரிசி டப்பாவுக்கு மேலே இருக்கிற ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் பார்க்கிற இடத்தில்.

7

பிப்ரவரியில் குளிர் பிடித்தது. எங்களுக்குப் பழகின குளிர் இல்லை. ஆற்றங்கரையில் தண்ணீர் உறைந்து கிடந்தது. ரேடியோவில் இதே பேச்சு.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். கீழே லிஃப்ட் ஓடவில்லை. கரண்ட் இல்லை என்று பக்கத்து வீட்டுக் கிழவர் சொன்னார். காலையிலிருந்தே எங்கள் படிக்கட்டுக்கு மட்டும் இல்லையாம். ஏறினேன். கதவைத் திறந்தேன்.

வாடை வந்தது.

எனக்கு அந்த வாடை தெரியும். எத்தனை வருஷம் ஆனாலும் தெரியும். கையிலிருந்த பை கீழே போனது. உள் நடையில் பெட்டிக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பாட்டில் இல்லை. நீல விளக்கும் இல்லை.

அடுப்படிக்குப் போனேன். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கை முழுக்கச் சிவப்பு. லுங்கி சிவப்பு. அவரைச் சுற்றிப் பாத்திரம். பால் குண்டான், குழம்புச் சட்டி, இட்லிப் பானை, எவர்சில்வர் குடம், எல்லாவற்றிலும் ஒயின். ஒவ்வொரு பாத்திரத்துக்குப் பக்கத்திலும் ஒரு பாட்டில். நடுவில் அவர்.

நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்தான் பேசினார். "காலையில வந்தேன். கரண்ட் இல்ல. பொட்டி சத்தம் இல்ல. ஹீட்டர் மட்டும் ஓடுது, வூடு அடுப்பு மாதிரி இருக்குது." எங்கள் கட்டடத்துக்கு ஹீட்டர் சுடுதண்ணீர்க் குழாயில் வேறு இடத்திலிருந்து வருகிறது. அது நிற்காது. "வூட்டு வாடக ஆபீசுக்குப் போன் போட்டேன். மெஷினு பேசுது. ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குங்குது. எதுல கரண்டுன்னு தெரியல. எல்லாத்தயும் அமுக்குனேன். பாட்டு போட்டுட்டான். உனக்குப் போட்டேன், நீ எடுக்கல."

என் போன் வேலையிடத்து அலமாரியில் பூட்டியிருக்கும்.

"சூடாயிடக் கூடாதுன்னு கார்த்தி சொன்னான்ல. பால்கனி சில்லுன்னு இருந்துது. எல்லாத்தயும் எடுத்து வெளிய படுக்க வச்சேன். வச்சுட்டுத் தூங்கிட்டேன். எழுந்து பாத்தா எல்லாம் மூடியத் தூக்கிக்கிட்டு இருக்குது. கட்டியாயிடுச்சு. ரெண்டு வெடிச்சிடுச்சு."

பால்கனியைப் பார்த்தேன். பனி சிவப்பாக இருந்தது.

கரண்ட் போனால் பொருள் சூடாகிக் கெடும். நம் உடம்புக்குத் தெரிந்தது அது. கடலூரில் எத்தனை பால், எத்தனை மீன் அப்படிக் கெட்டிருக்கிறது. குளிரில் ஒரு பொருள் கெடும் என்று நமக்குத் தோன்றாது. நான் வீட்டில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். வெளியே வைத்துவிட்டு, நல்ல வேளை என்று நினைத்திருப்பேன்.

"உள்ள கொண்டாந்தா உருகி வழியுது. புள்ள பொருளு வீணாப் போவுதேன்னு பாத்திரத்துல ஊத்துனேன். எது எதுல இருக்குதுன்னு மாறிடக் கூடாதுல்ல, பாட்டில பக்கத்துலயே வச்சிருக்கேன்." ரசச் சட்டியைக் காட்டினார். "பெரிய சமையக்காரர் குடுத்தது அதுல இருக்குது. அது மட்டும் முழுசாத் தேறிடுச்சு."

கையைப் பார்த்தேன். கயிறும் சிவப்பாக இருந்தது.

அவர் எழுந்தார். பாத்திரம் எதையும் மிதிக்காமல் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து என் முன்னால் வந்து நின்றார்.

"ஊதட்டுமா?"

"மொதல்ல கையக் கழுவுங்க மாமா."

"இல்ல. ஊதுறேன்."

ஊதினார். வீடு முழுக்க ஒயின் வாடை. அவர் வாயில் காலையில் குடித்த டீயும் பசியும்தான் இருந்தது. அந்த மனுஷன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

8

கரண்ட் சாயங்காலம் வந்தது. கார்த்திக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தான். அப்புறம் கேட்டான்.

"அந்த சமையக்காரர் குடுத்த பாட்டில்?"

"ரசச் சட்டியில இருக்குதுடா. பத்திரமா மூடி வச்சிருக்கேன்."

"ரசச் சட்டியிலயா?"

"அப்பாகிட்ட குடுங்க" என்றான்.

வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். "ம்" என்றார். "இல்லடா" என்றார். "சரி" என்றார். போனை என்னிடம் கொடுத்தார்.

"என்னா சொன்னான்?"

"கண்ணாடி கைய வெட்டிச்சான்னு கேட்டான்."

"வேற?"

"தொறந்துட்டா அவ்வளவுதானாம். கீழ ஊத்திடச் சொன்னான்."

நான் பால் குண்டானைத் தூக்கினேன். அவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நானே ஊத்துறேன். நீ தண்ணி தொறந்து வுடு." ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தார். ரசச் சட்டியைக் கடைசியில் கவிழ்த்தார். குழாயை மூடவே எனக்குத் தோன்றவில்லை. அவர்தான் மூடினார்.

கயிறுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. காலம் முடிந்த கயிறு. அதிலும் சாராயம் பட்ட கயிறு. மறுநாள் அண்ணனுக்குப் போட்டு, பூசாரியைக் கேட்டுச் சொல்லச் சொன்னேன். அண்ணன் முதலில் பெட்டி வாங்கினதற்கு ஒரு பாட்டம் திட்டினார். அப்புறம் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னார்.

"வாயில பட்டுதான்னு கேட்டாரு. இல்லன்னேன். கையி படுறதெல்லாம் கணக்குல வராதாம். தொண்டதான் கணக்காம்."

"கயிறு முடிஞ்சிடுச்சேண்ணே."

"அதயும் கேட்டேன். முடிஞ்சத அவுக்காம வச்சிருக்கான்ல, அப்ப முடியலன்னுட்டாரு. மரம் வெட்டி எடுத்தாச்சு, புதுசா கன்னு வச்சிருக்காங்க. எப்ப வர முடியுமோ அப்ப வரட்டும்னாரு. மச்சான்கிட்ட போனக் குடு."

கொடுத்தேன். இருவரும் முந்திரியைப் பற்றிப் பேசினார்கள். கன்று எங்கே கிடைக்கும், எத்தனை வருஷத்தில் காய்க்கும் என்று. குடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது பெட்டி காலியாக ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தச் சொன்னேன். மோட்டார் கெட்டுவிடும், ஓடட்டும் என்கிறார் வீட்டுக்காரர். கார்த்தி அடுத்த மாசம் வருகிறான். அந்தச் சமையல்காரரிடம் ரசச் சட்டிக் கதையைச் சொல்லியிருக்கிறான். அவர் சிரித்து, இன்னொரு பாட்டில் கொடுத்தனுப்புகிறாராம்.

தாலியிலிருந்த சாவியை எடுத்து, அரிசி டப்பாவுக்கு மேலே அதே ஆணியில் மாட்டிவிட்டேன். வீட்டுக்காரர் பார்த்தார்.

"இப்பல்லாம் எண்ணுறதில்லபோல."

"இல்ல."

"எண்ணத்தான் ஒண்ணும் இல்லியே."

அது சரிதான். பையன் பாட்டில் கொண்டு வரட்டும். எண்ணுகிறேனா இல்லையா என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.